மலைத் தோட்டத்துச் சிவப்புப் பூவும் என் பழைய பொய்யும்

"பூ இருக்கா?"

டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குள் தலையை நுழைத்து எங்கள் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி இதுதான். மூன்று பேருக்கு எவ்வளவு என்று கேட்கவில்லை. கழிப்பறை எங்கே இருக்கிறது என்றும் கேட்கவில்லை. இத்தனைக்கும் வத்தலக்குண்டு தாண்டியதிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஜன்னலுக்குள் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "இது பூந்தோட்டம் சார். பூ இல்லாம வேற என்ன இருக்கும்?"

"அதில்ல தம்பி. செவப்பா, கொத்தா, இம்புட்டுப் பெருசுக்கு இருக்கும்." இரண்டு கையையும் சேர்த்து ஒரு சின்னத் தேங்காய் அளவுக்குக் காட்டினார். "மரமும் இல்லாம செடியும் இல்லாம நடுவாந்தரமா நிக்கும். இலை தோலு கணக்கா தடியா இருக்கும்."

"ஓ, அதுவா? மேல போய்ப் பாருங்க சார். சீசன் முடியப்போவுது. இருந்தாலும் இருக்கும்."

கொடைக்கானல் குளிரில் எங்கள் வீட்டுக்காரருக்கு மூக்கு நுனி சிவந்திருந்தது. இருந்தாலும் இருக்கும் என்ற வார்த்தையைக் கேட்டதும் முகமும் சிவந்துவிட்டது. சந்தோஷம். நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பூ அங்கே இருக்கவே கூடாது என்று காலையில்தான் நான் சாமியிடம் வேண்டிக்கொண்டு வந்திருந்தேன்.

போன வாரம் இதே பக்கத்தில், பேண்டேஜ் கம்பெனியில் நான் தொப்பி போட்டு வேலை பார்த்த கதையை எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு சேத்தூர்ப் பக்கமிருந்து ஒரு வாசகி, 'ஊரில் உள்ளவர்களையெல்லாம் எழுதுகிறீர்கள், வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் மூச்சு விட மாட்டேன் என்கிறீர்களே' என்று குறைப்பட்டிருந்தார். அம்மா தாயே, இந்த வாரம் முழுக்க அவர்தான். எழுதும்போது தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறார் என்று மாடிக்கு விரட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

புதுக் கண்

எங்கள் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தவர். பென்ஷனோடு ஊருக்கு வந்து, இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை வாசலில் செக்யூரிட்டியாக இன்னொரு பதினைந்து வருஷம் நின்றார். வருகிற லாரி, போகிற லாரி எல்லாவற்றின் நம்பரையும் நோட்டில் எழுத வேண்டும். கண்ணில் புரை விழுந்து, மூன்றை எட்டு என்று எழுத ஆரம்பித்ததும் வேலையை விட்டார். மதுரையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் ஆயிற்று.

இரண்டாவது கண்ணின் கட்டை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று அவர் பண்ணிய அமர்க்களம் இருக்கிறதே!

"ஏட்டி, நம்ம வீட்டுச் சுவரு நீலமா? பச்சைன்னுல்லா நெனச்சேன்."

"பெயிண்ட் அடிச்ச அன்னைக்கே நீலம் நீலம்னு கரடியாக் கத்துனேன். யாரு கேட்டா?"

வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். எதிர்வீட்டு மாடியில் காய்ந்த துணிகளைப் பார்த்தார். தெருவில் படுத்திருந்த நாயைப் பார்த்து, என்ன வெள்ளை, என்ன வெள்ளை என்று வியந்தார். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார்.

"உனக்கு எப்பட்டி இம்புட்டு நரைச்சுது?"

"நீங்க லாரி எண்ணிக்கிட்டு இருந்தீகளே, அப்ப."

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். "டாக்டர் வெளியூரு போலாம்னு சொன்ன ஒடனே மொதல்ல அந்தப் பூவப் பாக்கணும். நீயும் வரணும்." அதே பூ கொடைக்கானலில் ஒரு பொதுத் தோட்டத்தில் இருக்கிறது என்று அவருடைய பழைய பட்டாளத்துக் கூட்டாளி ஒருவர் போனில் சொல்லியிருக்கிறார். மாசி மாதத்துக்குள் போனால் பார்க்கலாமாம்.

'அந்தப் பூ' எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். இமயமலைப் பக்கம் எல்லைக் காவலில் இருந்தபோது இவர் பார்த்த பூ. கல்யாண வீடு, காதுகுத்து வீடு, பந்தியில் இலை போடுகிற இடைவெளி, எது கிடைத்தாலும் கதையை எடுத்துவிடுவார். "முட்டளவுக்குப் பனி கெடக்கும். கண்ணுக்கு எட்டுன மட்டும் வெள்ளை. அதுக்கு நடுவுல செவச் செவன்னு கொத்துக் கொத்தாப் பூத்து நிக்கும் பாருங்க, குராஸ்னு சொல்லுவானுவ..." சொந்தக்காரர்கள் இதற்கு மிலிட்டரிப் பூ என்று பேர் வைத்து, அவர் வாயைத் திறந்ததும் ஆளுக்கொரு திசையில் நழுவிவிடுவார்கள்.

கதை முடிகிற இடம் எப்போதும் ஒன்றுதான். "அதுல ஒண்ணக் கடுதாசில வச்சி இவளுக்கு அனுப்புனேன். தலையில வச்சிக்கிட்டேன்னு பதில் போட்டா."

உடனே எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். இந்த வயதிலும் வெட்கத்தைப் பாரேன் என்பார்கள். வெட்கமா? களவாணி முழி அது. அந்தப் பூவை நான் தலையில் வைக்கவில்லை. தலையில் வைப்பதென்ன, கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

கடுதாசி வந்த நாள்

கல்யாணமாகி மூன்று மாதத்தில் அவர் எல்லைக்குப் போய்விட்டார். நான் பேண்டேஜ் கம்பெனி வேலையைத் தொடர்ந்தேன். காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியைச் சதுரமாக வெட்டி, மடித்து, எண்ணிக் கட்ட வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற சரக்கு. ஒற்றை முடி விழுந்திருந்தாலும் மொத்தக் கட்டும் திரும்பி வந்துவிடும். அதனால் தலைக்குத் தொப்பி. பூ வைத்துக்கொண்டு உள்ளே போகவே முடியாது.

எங்கள் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, இது பெரிய விசாரம். புதுப் பொண்ணு வெறுந்தலையோடு வாசப்படி தாண்டுவதா என்று தினமும் காலையில் ஒரு பாட்டம் புலம்புவார். இதை நான் வீட்டுக்காரருக்குக் கடிதத்தில் வேடிக்கையாக எழுதியிருந்தேன்.

வேடிக்கையாக எழுதினேனே தவிர, மனசுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. மடித்துப் போடுகிற ஒவ்வொரு துணியும் எங்கேயோ யாருக்கோ ஒரு காயத்துக்குத்தானே போகிறது? அந்த யாரோ இவராக இருந்துவிட்டால்? வெள்ளைத் துணியைப் பார்க்கப் பார்க்க அதில் சிவப்பு ஊறுகிற மாதிரியே தோன்றும். வீட்டுக்கு வந்தால் இதை அத்தையிடமும் சொல்லித் தொலைப்பேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஒருநாள் மத்தியானம் கம்பெனி கேட்டில் பெரிய கூப்பாடு. அத்தை நிற்கிறார். கொண்டை அவிழ்ந்து கிடக்கிறது, காலில் செருப்பு இல்லை.

"ஏ முத்துலட்சுமி! ஏம்புள்ள ரத்தம் கடுதாசில வந்திருக்குட்டி!"

தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. ஓடினேன். அத்தை பின்னால் ஓடி வருகிறார். தெருவில் போகிற சைக்கிள்களெல்லாம் நிற்கின்றன. வீட்டு வாசலில் கூட்டம். முன்வீட்டு ராஜம்மா, அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், ஏமாயிந்தி, ஏமாயிந்தி என்று வருகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கிறார். என்ன ஆயிற்று என்று அவருக்கு யாரும் சொன்னபாடில்லை. வீட்டுக்குள்ளே மிளகாயும் உப்பும் கருகிய புகை.

நடந்தது இதுதான். ராணுவ முத்திரை குத்திய கவர் வந்திருக்கிறது. நான் வரும்வரை பொறுக்காமல் அத்தை பிரித்துவிட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. உள்ளே இரண்டு தாள். இரண்டாவது தாளில் கருஞ்சிவப்பாக ஏதோ படர்ந்து, ஓரமெல்லாம் கறையாகி, நடுவில் சருகு போல ஒட்டிக் காய்ந்திருக்கிறது. கட்டுத் துணியும் காயமுமாக நான் தினமும் ஓதி வைத்திருந்தேன் அல்லவா? பார்த்த உடனே அத்தைக்கு ரத்தம் என்று பட்டுவிட்டது. இல்லை, யாரோ வேண்டாதவர்கள் ஏவிவிட்ட வேலையாகவும் இருக்கும் என்று கூட்டத்தில் ஒருத்தி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். எதுவாக இருந்தாலும் வீட்டுக்குள் வைத்திருக்கக் கூடாதே! காய்ந்த மிளகாய், உப்பு, முச்சந்தி மண் எல்லாவற்றையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி, அந்தத் தாளோடு அடுப்பில் போட்டு எரித்துவிட்டார். எரித்த பிறகுதான் என்னைக் கூப்பிட ஓடி வந்திருக்கிறார்.

"நெடியே அடிக்கலட்டி. துளிகூடக் கமறல. அம்புட்டுக் கண்ணு!" என்றார் மூச்சு வாங்க. அப்படிச் சொல்லிவிட்டுத் தொடர்ந்து ஐந்து தடவை தும்மினார்.

முதல் தாள் பிழைத்திருந்தது. எடுத்துப் படித்தேன். 'நலம். நீ கம்பெனியில் பூ வைக்க விடுவதில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே ஒரு பூ பார்த்தேன். இப்படி ஒரு சிவப்பை நான் பார்த்ததே இல்லை. உனக்கு அனுப்பியிருக்கிறேன். மற்றவை அடுத்த தாளில்.'

அடுத்த தாள் அடுப்புக்குள் சாம்பலாகக் கிடந்தது.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். உரக்கப் படித்துக் காட்டியதும் கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. அத்தை மட்டும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். வாய் ஓயாத மனுஷி. அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னிடம் கெஞ்சினார்.

"அவன்ட்ட சொல்லிராத தாயி. அந்தக் குளிருக்குள்ள தனியாக் கெடக்குத புள்ள. பொண்டாட்டிக்கு ஆசையா அனுப்புன பூவ ஆத்தா எரிச்சிட்டான்னு தெரிஞ்சா சங்கடப்படுவான்."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். உட்கார்ந்து பதில் எழுதினேன். 'பூ கிடைத்தது. தலையில் வைத்துக்கொண்டேன். தெருவே பார்த்தது.'

தெருவே பார்த்தது என்பது தேவையே இல்லாத வரி. பொய் எழுத ஆரம்பித்தால் பேனா லேசில் நிற்காது போல. அத்தை போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அவர்கள் போன பிறகு அந்தப் பொய்க்கு நான் ஒருத்திதான் சொந்தக்காரி.

ஆண்டாளிடம் ஒரு மனு

இப்போது புரிகிறதா, நான் ஏன் பூ இருக்கக் கூடாது என்று வேண்டினேன் என்று? நேரில் போய் நின்றால், 'நீ வச்சிக்கிட்டது இதே நெறந்தானட்டி? இதே வாசந்தானே?' என்று துருவுவார். எந்த நிறம், என்ன வாசம், எனக்கு எப்படித் தெரியும்? முப்பது வருஷத்துக்கு மேல் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போன மனுஷன். அது பொய் என்று தெரிந்தால் என்ன ஆவார்? அதுவும் புதுக் கண்ணோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது!

எங்கள் மகள் தேன்மொழி ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ் வேலையில் இருக்கிறாள். அவள்தான் லீவு போட்டுக் கார் ஓட்டினாள். விடியுமுன்னே இராஜபாளையத்துக்கு வந்து எங்களை ஏற்றிக்கொண்டாள். போகிற வழியில் வில்லிபுத்தூரில் கோயிலுக்குப் போயே ஆக வேண்டும் என்று அடம்பிடித்து இறங்கினேன். நான் பிறந்த ஊர் அது. சந்நிதியில் நின்று, வாழ்க்கையிலேயே முதல்முறையாக, ஒரு காரியம் நடக்கக் கூடாது என்று வேண்டினேன்.

'தாயே, அந்தப் பூ அங்கே உதிர்ந்து போயிருக்கணும். சூடிப் பார்த்த மாலையில் ஒற்றை முடி கிடந்து நீயும் ஒருநாள் மாட்டிக்கிட்டவதானே. மாட்டிக்கிறது எப்படி இருக்கும்னு உனக்கா தெரியாது?'

வெளியே வந்து நாலு முழம் மல்லி வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். அரைக் கிலோ பால்கோவா வாங்கினோம். கிருஷ்ணன்கோவில் வருவதற்குள் அதில் பாதியை முன்சீட்டில் இருந்தவர் காலி பண்ணிவிட்டார். மலையேறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, அங்க பாரு, இங்க பாரு என்று ஒரே கூத்து. பச்சையில் இத்தனை பச்சையா என்று கேட்டுக் கேட்டு எங்கள் உயிரை வாங்கினார்.

"எம்மா, நீ ஏன் ஒரு மாதிரி வாரே?" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாள் தேன்மொழி.

"வளைவு ஒத்துக்கல" என்றேன். போலீஸ்காரியைப் பெற்றால் இதுதான் தொல்லை.

மனு வாபஸ்

தோட்டம் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி அமைத்தது. கேட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் பயமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அடேயப்பா! இடுப்பு உயரப் புதர்களாக வரிசை வரிசையாகச் செடிகள். இலை தெரியாத அளவுக்குப் பூ. ஒரு வரிசை இளஞ்சிவப்பு, அடுத்தது வெள்ளை, அதற்கு மேலே ஊதா. பக்கத்தில் பலகையில் பெயர் எழுதியிருந்தார்கள். பல்லில் சிக்கிக்கொள்கிற பெயர்கள். நிழல் பக்கத்தில் பனித்துளி இன்னும் காயாமல் இருந்தது. ஈர மண் வாசனையும் தைல வாசனையும் கலந்து வந்தன. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். காலமெல்லாம் வெள்ளைத் துணியையே பார்த்து மடித்தவள் நான். இத்தனை நிறத்தை மொத்தமாகப் பார்த்ததே இல்லை.

அவரோ எதிரில் வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, கண் ஆபரேஷன் ஆன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கல்லூரிப் பெண்கள் கும்பல் ஒன்று அவரை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டது. கறுப்புக் கண்ணாடியோடு சினிமாக்காரர் மாதிரி சிரித்தார்.

"எப்பா, மெதுவா! முட்டி வலிக்குதுன்னு ராவைக்கு என்கிட்ட சொல்லக் கூடாது" என்று தேன்மொழி கத்தியது காதில் விழவே இல்லை. படியேறிக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது அடுக்கில் திடீரென்று நின்றார். "இதுதாம்ட்டி. இதே மரந்தான்!"

முண்டும் முடிச்சுமாக ஒரு குட்டை மரம். தோல் போன்ற தடித்த இலை, அடிப்பக்கம் பழுப்பு. எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தது. பூவைத் தவிர. கீழே பார்த்தேன். உதிர்ந்து, மிதிபட்டு, பழுப்பாக மக்கிக் கிடந்தது மொத்தப் பூவும்.

நான் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதானே?

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடி மரத்தைப் பார்த்தார். கிளை கிளையாகத் தேடினார். "போன வாரம் வந்திருக்கணும்" என்றார் மெல்ல. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ பாக்கணும்னு நெனச்சேன்" என்றார். அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. அத்தை போனபோதுகூட இப்படிப் பேசவில்லை.

என்ன காரியம் பண்ணிவிட்டேன்! 'தாயே, மனு வாபஸ். பொய் வெளியே வந்தால் வரட்டும். எங்கேயாவது ஒரு கொத்து, ஒரே ஒரு கொத்து வைத்திரு' என்று அந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டேன்.

"எப்பா, வா. காப்பி குடிச்சிட்டுக் கெளம்புவோம்" என்று தேன்மொழி அவர் கையைப் பிடித்தாள்.

"கொஞ்சம் இருட்டி" என்று நான் அதட்டினேன். சற்றுத் தள்ளி ஓர் அம்மாள் குழாயைப் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை, தலையில் துண்டு. ஓடிப்போய்க் கேட்டேன்.

"அந்தச் செவப்புப் பூவா? காட்டுப் பூவரசும்பாங்க. இங்கிட்டு கொட்டிப்போச்சுக்கா. வெயிலு பட்ட பக்கமெல்லாம் முடிஞ்சது. மேல கடேசி வளைவுல நிழலுக்குள்ள ஒண்ணு நிக்கும். அது எப்பவும் லேட்டாத்தான் பூக்கும். ஆனா படி நெறைய இருக்குக்கா. சாரால ஏற முடியுமா?"

சாரால் ஏற முடியுமாவா? திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். எனக்கு முன்னால் பதினைந்து படி ஏறிவிட்டார்.

கொத்து

அந்தப் படிகளை நான் எப்படி ஏறினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். மல்லிச்சரம் அவிழ்ந்து தோளில் ஆடுகிறது. மூச்சு வாங்குகிறது. பின்னாலிருந்து மகள், ரெண்டு பேரையும் நான்தான் தூக்கிட்டு எறங்கணும் போல என்று திட்டிக்கொண்டே வருகிறாள். கல்லூரிப் பெண்களும் என்னமோ ஏதோ என்று எங்கள் பின்னாலேயே ஏறி வருகிறார்கள்.

கடைசி வளைவில் திரும்பினோம்.

ஐயோ, என்னவென்று சொல்வேன்! நிழலுக்குள் அந்த மரம் முழுக்கச் சிவப்பு. ஒவ்வொரு கிளை நுனியிலும் இரண்டு கைக்கும் அடங்காத கொத்து. ஒரு கொத்துக்குள் பதினைந்து, இருபது பூக்கள், குட்டிக் குட்டி மணிகளாக. உள்ளே தேனீ நுழைந்து பின்பக்கமாகவே நடந்து வெளியே வருகிறது. தேங்காய் அளவு என்று அவர் சொன்னதைக் கேட்டு எத்தனை பேர் சிரித்திருப்போம்? ஒரு துளிகூட அவர் கூட்டிச் சொல்லவில்லை.

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. நானும் அழுதேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அப்போது அழுகைதான் வந்தது.

தேன்மொழி கொத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "எம்மா, இதையா தலையில வச்ச? இது எப்பிடிக் கவருக்குள்ள வந்துச்சு?"

விசாரணை தொடங்கிவிட்டது. "அது... கொத்துல ஒண்ணக் கிள்ளி..." என்று நானும் ஆரம்பித்துவிட்டேன். பழக்கம். பாதியில் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நான் வைக்கலைங்க" என்றேன். "நான் அந்தப் பூவப் பாக்கவே இல்ல."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கறையைப் பார்த்து ரத்தம் என்று நினைத்தது, மிளகாய், உப்பு, முச்சந்தி மண், அடுப்பு, அத்தை கெஞ்சியது எல்லாம். "அத்தை சொல்லாதன்னாக. அவிய போன பொறவாவது நான் சொல்லிருக்கணும். பயந்துக்கிட்டு சொல்லாமலே இருந்துட்டேன்."

அவர் தேனீயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏட்டி, தாளோட ஒட்டுன பூவ எவளாவது தலையில வைப்பாளா?"

"என்னது?"

"ரெண்டாந் தாளுல சோத்துப் பருக்கைய நசுக்கிப் பூவ ஒட்டியில்லா அனுப்புனேன்! பிச்சா தூளாப் போயிரும். தலையில வச்சேன்னு உன் கடுதாசி வந்த அன்னைக்கே தெரியும், பூவு உன் கைக்கு வந்து சேரலைன்னு. பூ மட்டும் தபால்ல பிஞ்சி எங்கயோ விழுந்துட்டுபோல, தாளு வந்திருக்கும்னு நெனச்சேன். எங்காத்தா அடுப்புல போட்டான்னு இன்னைக்குத்தான் தெரியுது."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! "தெரிஞ்சிக்கிட்டேவா இத்தன கல்யாண வீட்டுல என்னைய நிக்க வச்சி, வச்சிக்கிட்டா, வச்சிக்கிட்டான்னு சொன்னீக?"

"நீ முழிக்குத முழியப் பாக்கணும்ல." சிரிப்பு அடங்கியதும் குரல் இறங்கியது. "தெருவே பாத்துச்சுன்னு எழுதிருந்தே பாரு. அத வாசிச்சதும் நீ பூ வச்சிக்கிட்டு நம்ம தெருவுல நடந்து போறது எனக்கு அப்பிடியே தெரிஞ்சுது. அங்க இருந்த அம்புட்டு நாளும் அந்தக் கடுதாசி சட்டைப் பையிலதான் கெடந்துச்சு. பொய்யின்னு தெரிஞ்சுதான் வச்சிருந்தேன்."

நான் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தேன். "அந்த ரெண்டாந் தாளுல வேற என்ன எழுதிருந்தீக?"

"மறந்து போச்சு."

"மறக்கலைன்னு மூஞ்சி சொல்லுது."

கொத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இது ஒத்தப் பூவுதான். மரத்துல கொத்தா நிக்கும்போது பாக்கணும். என்னைக்காவது ஒருநா உன்னையக் கூட்டிட்டு வந்து பக்கத்துல நின்னு காட்டுவேன், இது சத்தியம்னு எழுதிருந்தேன். நீ அதுக்கு ஒரு வரிகூட பதில் போடலையேன்னு அப்பம் கொஞ்சம் வருத்தமா இருந்துச்சு. அம்புட்டுத்தான்."

அந்த மனுஷன் இத்தனை வருஷமாக, ஏட்டி, ஒருதடவ அந்தப் பூவப் பாக்கப் போவமா, ஒருதடவ போவமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆமா, வேற வேலை இல்ல என்று ஒவ்வொரு தடவையும் நான்தான் வாயை அடைத்தேன். வெறும் பட்டாளத்துப் பெருமை என்று நினைத்தேன். எனக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்குத் தெரியாது.

தண்ணீர்க் குழாய் அம்மாள் நாங்கள் பத்திரமாக ஏறிவிட்டோமா என்று பார்க்க வந்தவர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். "மரத்துல கை வைக்கக் கூடாது சார், ரூல்ஸ். கீழ விழுந்தத எடுத்துக்கலாம்" என்றார்.

அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து தேடினார். அப்போதுதான் உதிர்ந்த, கசங்காத ஒற்றை மணியை எடுத்தார். தேன்மொழி தன் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவிக் கொடுத்தாள். "திரும்பு" என்றார் என்னைப் பார்த்து. நரைத்து மெலிந்த முடியில் மல்லிக்கு மேலே அதைச் செருகுவதற்குள் இரண்டு தடவை நழுவிற்று. மூன்றாவது தடவை நின்றது.

நாலு எட்டுப் பின்னால் போய் நின்று பார்த்தார். பக்கத்தில் மகள், தண்ணீர்க் குழாய் அம்மாள், கல்லூரிப் பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி கைதட்டினாள்.

"இப்பம் எழுதுட்டி பதிலு" என்றார்.

மலையில் எழுத வசதிப்படவில்லை. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். மாடியிலிருந்து இறங்கி வந்ததும் முதல் ஆளாகப் படிக்கப் போகிறவர் அவர்தானே.

பூ கிடைத்தது. தலையில் வைத்துக்கொண்டேன். தோட்டமே பார்த்தது. இரண்டாவது தாளும் வந்து சேர்ந்தது.